கடைசிக் கள்ளி மட்டை

மில்பா ஆல்தா என்ற ஊரில், சமைத்துச் சாப்பிடச் சப்பாத்திக்கள்ளி பயிரிடாத வீட்டைத் தேடிப் போனால் கால்தான் வலிக்கும். நயேலியின் வீட்டிலும் ஒரு கள்ளித் தோட்டம் இருந்தது. இந்த வருடம் அழுகல் நோய் வந்து மொத்தத்தையும் சாய்த்துவிட்டது. ஒரே ஒரு செடி மட்டும் நோய்க்குப் பணியாமல் நின்றது. அதையும் ஆலங்கட்டி மழை விட்டுவைக்கவில்லை. மூன்று மட்டைகள்தான் மிஞ்சின.

அவற்றில் இரண்டை யோலாந்தா சித்தி தன் ஆய்வகத்துக்கு வாங்கிப் போனார். நோயைத் தடுக்கும் புரதம் எது என்று பார்க்க வேண்டுமாம். இரண்டும் வீணாயின. சனிக்கிழமை காலை மூன்றாவதையும் கேட்டு வந்து நின்றார்.

"தர முடியாது. இதை நட்டாத்தான் என் தோட்டம் திரும்பி வரும்" என்றார் அப்பா.

"கண்டுபிடிச்சா ஊருக்கே நல்லது அத்தான்!"

அப்பா அரை மனதோடு மட்டையை நயேலியிடம் கொடுத்தார். "நீயும் கூடப் போ. இவளை நம்ப முடியாது."

ஆய்வகத்தில் சித்தி ஒரு குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே இருந்தது விழவில்லை. ஜலதோஷம் பிடித்த மூக்கிலிருந்து ஒழுகும் சளி மாதிரி நூலாகத் தொங்கியது.

"ச்சீ!"

"போன மட்டையை அரைச்சது. இந்தக் கொழகொழப்புல புரதம் மாட்டிக்குது. பிரிக்கவே முடியல."

"வெங்காயமும் உப்பும் போட்டு வேக வைங்க சித்தி. அம்மா அப்படித்தான் செய்வாங்க. கொழகொழப்பு போயிடும்."

சித்தி சிரித்துவிட்டார். "புரதமும் கெட்டுடும்டி. அவிச்ச முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையா ஆக்க முடியுமா?"

நயேலிக்கு வெட்கமாகப் போயிற்று. சித்தி கத்தியை எடுத்து மட்டையை நறுக்கக் குனிந்தார்.

"நில்லுங்க சித்தி! சந்தையில அம்மா முள்ளு சீவுவாங்கல்ல? சீவின பச்சைத் தோல் காஞ்சு கிடக்கும். நறுக்கின துண்டுலதான் கொழகொழன்னு வழியும். கொழகொழப்பு உள்ள இருக்கிற சதையிலதான் இருக்கு."

"ஆமா..."

"உங்களுக்கு வேண்டிய புரதம் எங்க இருக்கு?"

சித்தி கத்தியைக் கீழே வைத்தார். "பச்சைத் தோல்லதான் நிறைய இருக்கும். நாங்க முழுசா அரைச்சே பழகிட்டோம். எனக்கு இது தோணவே இல்லையே!"

"பாதி மட்டையோட தோல் போதுமா?"

"தாராளமா!"

மட்டை இரண்டானது. ஒரு பாதியை நயேலி செய்தித்தாளில் சுற்றி வைத்தாள். மறு பாதியை அம்மாவைப் போலவே கத்தியைப் படுக்க வைத்துச் சீவினாள். காகிதம் போல மெல்லிய தோல் சுருண்டு விழுந்தது.

சித்தி அதை உறைய வைத்து, கல்வத்தில் பொடியாக அரைத்து, உப்புக் கரைசலில் கலக்கி, இயந்திரத்தில் சுழற்றினார். சக்கை அடியில் தங்கிவிட்டது. மேலே தெளிந்த நீர்! அதில் ஒரு சொட்டைப் பழுப்புச் சாயத்தில் விட்டார்.

"புரதம் இருந்தா நீலமாகும்" என்று கிசுகிசுத்தார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பழுப்பு மங்கியது. பிறகு பளிச்சென்று நீலம்!

சித்தி நயேலியைத் தூக்கிச் சுற்றியதில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. "இனி நோயைத் தடுக்கிறது எதுன்னு தேடலாம்!"

மாலையில் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "வெறுங்கையோடதானே வர்றீங்க?"

நயேலி செய்தித்தாளைப் பிரித்தாள். அப்பா பாதி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வெட்டு காயட்டும், அடுத்த வாரம் நட்டுடலாம். எந்த இடம்னு நீயே சொல்லு."

நயேலி ஓடிப்போய் வெறுந்தோட்டத்தின் நட்டநடுவில் நின்றாள். குதிகாலால் அங்கேயே ஒரு குழி போட்டாள்.