சுவிட்ச்சில் மாட்டிய சட்டை

மூடிக் கிடக்கும் பழைய தோல் டேனரியின் பின்சுவரை ஒட்டிய மண் ரோட்டுக்கு நான் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கேரியரில் சகீனா அக்கா கையால் தைத்த அப்பர் மூட்டை. ஷூவின் மேல்பாகத்தை ஆம்பூரில் அப்படித்தான் சொல்வோம். ஃபேக்டரி கேட்டை மூடுவதற்குள் மூட்டை உள்ளே போயாக வேண்டும்.

"இன்னொரு வாட்டி லேட்டானா அந்தம்மாவுக்கு வேலை கெடையாது. வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்" என்று சூப்பர்வைசர் முனீர் அகமது சொல்லியிருந்தார். லேட்டானது என் வண்டியால். ஆனால் வேலை போகப்போவது அக்காவுக்கு.

வண்டி என்றால் சைக்கிள்தான். நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பிறகு, பழைய சைக்கிளில் சின்ன இன்ஜின் ஒன்றை நானே மாட்டினேன். மிதித்து வேகம் பிடித்து கிளட்ச்சை விட்டால் ஓடும். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரச்சினை இந்தச் சுவர். இங்கே வந்தால் இன்ஜின் செத்துவிடும். செத்தால் அன்றைக்கு முழுக்கப் பிடிக்காது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் மிதியிலேயே பிடிக்கும். பிளக்கை மாற்றினேன். காயிலை மாற்றினேன். மேக்னட்டில் ஏறியிருந்த துருவைத் தேய்த்து எடுத்தேன். கடைசியில் மெக்கானிக் ஜெஸ்டனிடம் போனேன்.

"ஆஃப் சுவிட்ச் ஒயரு எங்கயோ பாடில ஒரசுதுடா. கழட்டி வுட்டுடு" என்றான்.

"அப்புறம் எப்புடி நிறுத்தறது?"

"எதுனா செவுத்துல போய் முட்டு. தானா நிக்கும்."

கழற்றிவிட்டேன். இனி பெட்ரோல் குழாயை மூடினால் ஒழிய அந்த இன்ஜின் நிற்க வழியில்லை.

இன்றைக்கும் சுவரின் பாதியில் இன்ஜின் நின்றது.

இறங்கினேன். சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நாற்றம் அடித்தது. டேனரி மூடி வருஷக்கணக்காகிறது. அந்த நாற்றத்துக்கு அங்கே வேலையே இல்லை.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, இன்ஜின் தலையில் வைத்துப் பிடித்தேன். மறு கையால் பெடலைச் சுற்றினேன். நீலமாக ஒரு பொறி வர வேண்டும்.

வரவில்லை.

வேகமாகச் சுற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உருண்டது.

நான் நிறுத்தினேன். அதுவும் நின்றது.

மறுபடி மெதுவாகச் சுற்றினேன். கனமான மரம் கிறீச்சிட்டுத் திரும்பும் ஓசை. உள்ளே ஏதோ மேலேறி, தொப்பென்று விழுந்தது. டேனரி டிரம். தோலை ஊறப் போட்டுச் சுழற்றும் மரப்பீப்பாய், ஒரு வீட்டு அறை அளவு இருக்கும். இந்த ஷெட்டுக்குக் கரண்ட் கிடையாது. ஒயரைக்கூட உருவி விற்றுவிட்டார்கள்.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

டிரம்முக்கு உள்ளேயிருந்து.

"சுத்தாத தம்பி."

பின்னால் சகீனா அக்கா நின்றிருந்தாள். கையில் ஒரு ஜோடி அப்பர். மூட்டையிலிருந்து நழுவி அவள் வாசலிலேயே விழுந்ததாம், எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"உங்களுக்கும் கேக்குதாக்கா?"

"எனக்குப் பழக்கம்" என்றாள். "எங்க வீட்டுக்காரருதான்."

அவள் புருஷன் அப்துல் வஹீத் இங்கே வேலை செய்தது எனக்குத் தெரியும். செத்த விதம் தெரியாது. இன்றைக்குச் சொன்னாள்.

"டிரம்முக்குள்ள எறங்கறவன் சட்டையைக் கழட்டி சுவிட்ச்சுக் கைப்புடியில மாட்டிட்டு எறங்குவான். சட்டை தொங்கினா எவனும் சுவிட்ச்சத் தொட மாட்டான். இங்க அதான் பூட்டு, அதான் சாவி. அன்னிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வந்தாங்க. சுவிட்ச்சுல துணி தொங்கினா தப்புன்னு எழுதுவாங்கன்னு அப்ப இங்க வேலையில இருந்த முனீரு அவரோட கட்டம் போட்ட சட்டையை எடுத்து மடிச்சி வெச்சுட்டாரு. அப்புறம் டிரம்ம ஓட்டிக் காமிக்கச் சொல்லி இருக்காங்க. அவரு உள்ள இருக்கப்பவே ஓட்டிட்டாங்க."

கையிலிருந்த அப்பரின் தையலை விரலால் தடவினாள்.

"அவரு அன்னிக்கு டூட்டிக்கே வரலன்னு சொல்லிட்டாங்க தம்பி. அப்ப என் வீட்டுக்குக் கொண்டாந்தது இன்னாவாம்?"

பெடலிலிருந்து கையை எடுத்தேன். எனக்கு விளங்கிவிட்டது. என் இன்ஜின் ஓடினால் அந்த டிரம் சுழல்கிறது. உள்ளே இருக்கும் மனுஷன் என் இன்ஜினைச் சாகடித்து அதை நிறுத்துகிறார்.

"தள்ளிக்கினே போயிடு" என்றாள் அக்கா. "வேலை போனா போவுது."

"போவாது."

"நெல்வின், உள்ள போவாத."

"நான் இன்னா திருடவா போறேன்? சட்டை மாட்டப் போறேன்."

சுவர் ஓர் இடத்தில் இடிந்திருந்தது. ஏறிக் குதித்தேன். ஷெட்டுக்குள் பகல் பாதிதான் வந்திருந்தது. தரையில் சுண்ணாம்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் டிரம், நின்றபடி, லேசாக ஆடிக்கொண்டு. அதன் கதவு வாய் என் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே இருட்டு.

தட்டினார்.

டிரம்மைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

சுவரில் சுவிட்ச் பெட்டி. துருவேறிய இரும்புக் கைப்பிடி. சட்டையைக் கழற்றினேன். என் முதுகில் யாரோ மூச்சு விட்டது போல் ஈரமாக இருந்தது. திரும்பவில்லை. காலரைக் கைப்பிடியில் மாட்டினேன்.

"வஹீத் பாய்" என்றேன். "சட்டை மாட்டியாச்சு. எவனும் ஓட்ட மாட்டான். நீங்களும் என் வண்டிய வுடுங்க. இது உங்க வீட்டு வேலை."

தட்டல் நின்றது.

டிரம்மின் வாயில் ஈரப் பாதம் ஒன்று ஊன்றும் சத்தம்.

அப்புறம் இன்னொன்று.

நான் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வெளியே வந்து பிளக்கை மாட்டி, ஏறி மிதித்தேன். முதல் மிதியில் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை. சகீனா அக்கா அந்த ஜோடியை மூட்டையில் செருகிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

ஃபேக்டரி கேட்டைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்கள். சந்தில் வண்டியை நுழைத்து, பெட்ரோலை மூடினேன். முனீர் வெளியே வந்தார்.

"இன்னா நெல்வின், பனியனோட வர்ற? எவன்கிட்டயாவது ஒத வாங்கினியா?"

"சட்டையை டிரம்மு சுவிட்ச்சுல மாட்டியிருக்கேன் பாய். பழைய டேனரியில. இந்த வாட்டி யாரும் எடுத்து மடிக்க வேணாம்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவன் அன்னிக்கு டூட்டிக்கே வரல" என்றார், மெதுவாக.

"நான் யார் பேரும் சொல்லலியே."

சுற்றிலும் பார்த்தார். செக்யூரிட்டி எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையை இறக்கி அவர் காலடியில் வைத்தேன்.

"சகீனா அக்கா மாலு. கேட் மூடறதுக்குள்ள வந்துடுச்சு. நாளைக்கும் அவங்களுக்குத்தான் வேலை. இல்லன்னா அன்னிக்கு யாரு டூட்டிக்கு வந்தாங்கன்னு இங்கயே நின்னு சத்தமா கேப்பேன். தினமும் கேப்பேன்."

"சரி" என்றார். "அவங்களுக்கே. நீ கெளம்பு."

கிளம்பியிருப்பேன். அப்போது உள்ளே கன்வேயர் பெல்ட் நின்றது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. பெல்ட் மட்டும் நின்றது. தையல் லைனில் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"பாய், யாரு சட்டை இது? பெல்ட்டு சுவிட்ச்சுல மாட்டி வெச்சிருக்கு. தண்ணியா சொட்டுது."

கதவு வழியாகத் தெரிந்தது. கட்டம் போட்ட சட்டை. அதன் கைகள் சுண்ணாம்பில் வெளுத்திருந்தன.

முனீர் என்னைப் பார்த்தார். என்னுடையது இல்லை என்று தலையாட்டினேன்.

"எடுத்துடட்டுமா பாய்?"

பெல்ட்டுக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.