குரல் தம்பியுடையது... சாவி அக்காவுடையது!

ஃபோன் அலறியது!

லெசியெலி எடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு முரட்டுக் குரல்.

"உன் தம்பி ஹாலோட்டி எங்ககிட்ட இருக்கான். மொத்தப் பணத்தையும் நாங்க சொல்ற டிஜிட்டல் வாலட்டுக்கு இப்பவே அனுப்பு. இல்லேன்னா... சவப்பெட்டிக்கு அளவு எடு!"

டோங்கா தீவு நாட்டின் தலைநகர் நுகுஅலோபா. கடற்கரைச் சாலை. மாடி ஆபீஸ். ஆஸ்திரேலியப் பழத்தோட்டங்களில் உழைக்கும் டோங்கா ஆட்களின் சேமிப்பு பிளாக்செயின் என்னும் இன்டர்நெட் கணக்கேடு வழியாக வந்து, இங்கிருந்துதான் பேங்க் கணக்குகளில் இறங்கும். அனுப்ப, கம்ப்யூட்டரில் செருகும் குட்டிச் சாவிகள் இரண்டும் வேண்டும். ஒன்று லெசியெலியிடம். இன்னொன்று எதிரே உட்கார்ந்திருந்த சிட்னிக்காரப் பார்ட்னர் க்ரெய்கிடம்.

"லெசி, என் சாவியைப் போட்டுட்டேன். உன்னோடதையும் போடு!"

"மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? அவன் உயிர் போயிடும்!"

"முதுகு ஒடிய வேலை செஞ்சவங்க காசு, க்ரெய்க். எவனோ மிரட்டினான்னு தூக்கிக் கொடுக்க நான் யாரு?"

வாய்தான் வீரம் பேசியது. ஆஸ்திரேலியத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்த ஹாலோட்டியின் நம்பரைத் தன் செல்லில் அடித்து அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. பயந்தாள். நிஜமாகவே பயந்தாள்.

"டேய்! என் தம்பியைப் பேசச் சொல்லுடா!"

கரகரப்பு...

"அக்கா... நான்தான்..."

அதே குரல்! மூக்கால் இழுக்கும் அதே இழுப்பு! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடிச்சாங்களாடா?"

"என்னடி கேள்வி கேட்டுக்கிட்டு? நாயே! சாவியைப் போடுடி!" அதே தம்பிக் குரல் சீறியது.

லெசியெலியின் அழுகை சட்டென்று நின்றது.

சாவியைச் செருகினாள். விரல்கள் படபடவென்று தட்டின.

"அனுப்பிட்டேன்."

"நல்ல முடிவு லெசி" என்று க்ரெய்க் நாற்காலியில் சாய்ந்தான். "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்..."

ஸ்பீக்கரில் பழைய முரட்டுக் குரல் கத்தியது.

"க்ரெய்க்! வாலட்ல ஒண்ணும் வரலடா!"

க்ரெய்கின் முகம் வெளுத்தது!

"அடேயப்பா... பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்குப் பழக்கமா?" லெசியெலி சிரித்தாள்.

"நீ... எங்கே அனுப்பினே?"

"எங்கே போகணுமோ அங்கே! பேங்குக்கு. உழைச்சவங்க கணக்குல, அவங்கவங்க பேர்ல."

"எப்படித் தெரிஞ்சது? அந்தக் குரல்..."

"குரல் பிரமாதம்! மெஷின்ல செஞ்சதா? ஆனா டோங்காவுல எந்தத் தம்பியும் அக்கா எதிர்ல கெட்ட வார்த்தை பேசமாட்டான். உயிர் போனாலும் பேசமாட்டான்! அக்காகூட உட்கார்ந்து படம்கூடப் பார்க்கமாட்டான். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல தின்னியே, இது கண்ணுல படலையா?"

க்ரெய்க் பாய்ந்து கதவைத் திறந்தான். வெளியே காவலாளி செமிசி. கதவைவிட அகலமான ஆள். ஸ்பீக்கர் சத்தம் முழுக்க அவனுக்கு வெளியே கேட்டிருந்தது. காதில் ஃபோன், பேசிக்கொண்டிருந்தது போலீசிடம்.

லெசியெலியின் செல் ஒலித்தது. ஹாலோட்டி!

"அக்கா, கூப்பிட்டீங்களா? ஆப்பிள் பறிச்சுக்கிட்டிருந்தேன், ஃபோன் லாக்கர்ல இருந்துச்சு. நல்லா இருக்கீங்களா?"

இப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

"லெசி..." க்ரெய்க் குழைந்தான். "பேசித் தீர்த்துக்கலாம்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிளாக்செயின்ல பேரே கேக்கமாட்டாங்க, க்ரெய்க். பேங்க்ல உன் பேர் மட்டும் கேப்பாங்க. போலீஸ்ல உங்கப்பா பேரையும் சேர்த்துக் கேப்பாங்க... ஞாபகப்படுத்தி வச்சுக்கோ!"