நிமிடத்துக்கொரு மலை

அந்த நிலத்தில் ஓர் ஈ காக்கையைக்கூட அவள் எழுதவில்லை. மலை, ஏரி, மூடுபனி, அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் கலைந்து, அதற்குமுன் எங்கும் இருந்திராத வேறொரு நிலமாகக் கூடும்படி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அவள் எழுதிய புரோகிராம். இப்போது சுவர் அகலத்துத் திரையின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ நின்றிருந்தார்கள்.

நிலம் மாறியது. ஆள் மாறவில்லை.

கண்காட்சிக் கூடத்தின் கனத்த கறுப்புப் படுதாவுக்கு அப்பால், அண்ணன் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்குகிற அண்ணன். "இயந்திரத்துக்குக் கனவு காணக் கற்றுக்கொடுத்தவன் நான். தன்னந்தனியாக!"

'இந்தத் தடவை உன் பேர்தான் பாப்பா முதல்ல' என்று காலையில்கூடச் சொன்ன வாய். வாசல் பலகையில் அவர் பேர் மட்டும் ஆளுயரத்துக்கு இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். தன் பேரை அச்சகத்தில் விட்டிருப்பார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு.

கைதட்டல் ஓய்ந்தது. படுதா விலகி அண்ணன் தலை மட்டும் நீண்டது.

"அண்ணே, என் புரோகிராம்ல யாரு கை வச்சா? அது யாரு?"

"நீதான். போன வாரம் கேமரா முன்னாடி திரும்பித் திரும்பி நிக்க வச்சேனே? ஆள் வச்சு உள்ள சேத்துட்டேன். பேர் எதுக்கு பாப்பா? ஆளே உள்ள இருக்கியே!" சிரித்தார். "கூட்டத்தைக் கூட்டிட்டு வரேன். அங்கயே நில்லு."

படுதா மூடியது.

போன வாரம் அவள் போட்டிருந்தது பழைய நீலச் சட்டை. திரையில் நின்றவள் போட்டிருந்தது மஞ்சள். இன்று காலை வாங்கிய மஞ்சள். காலரில் விலைச்சீட்டு தொங்கியது.

அவள் கை தானாகப் பிடரிக்குப் போனது. சீட்டு தட்டுப்பட்டது.

திரையிலும் ஒரு கை பிடரிக்குப் போனது.

ஈர மண் வாசனை. புதுப் பெயிண்ட் மணத்துக்கு அடியிலிருந்து மெல்லக் கிளம்பி, பிறகு அது மட்டுமே. திரும்பி ஓடினாள். படுதா இல்லை. புல். மூடுபனி. காலடியில் தரை நெளிந்து மேடானது.

நிமிடம் முடிந்திருந்தது.

கைதட்டல். மேலிருந்து.

அண்ணாந்தாள். வானத்தில் நீள்சதுரமாக ஒரு வெளிச்சம். அதில் நெருக்கியடித்து முகங்கள். நடுவில் அண்ணன்.

"அண்ணே!"

"கத்துற மாதிரியே இருக்கு சார். தத்ரூபம்!" என்றது ஒரு முகம்.

அண்ணன் அடக்கமாகத் தலை குனிந்தார். முகங்கள் ஒவ்வொன்றாக விலகின. அவர் மட்டும் நின்றார். குனிந்து அவளை உற்றுப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தார்.

நிலம் மறுபடி கலையத் தொடங்கியது. இந்தத் தடவை, அவள் பாதங்களிலிருந்து.