கடைசிப் பகுதி

கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமியது. இரண்டு முறை.

பழைய டிஸ்க் என்றால் முனகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவன் அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தான். வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து, வெளியேற வழி தெரியாமல் அறைக்குள்ளேயே நின்றன. பழைய விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற புது இயங்குதளம் ஏறி முடிந்திருந்தது. ஊர்ந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரை ஒரே மதியத்தில் ஓட வைக்கிறேன் என்று வாய்ச்சவடால் அடித்து வந்தவன் அவன்தான்.

டிஸ்கில் மூன்று பகுதிகள் இருந்தன. கடைசிப் பகுதியில் மாமாவின் குரல். அக்காவின் கணவர் இரவு வேலைக்குப் போன இடத்திலிருந்து அவளுக்கு அனுப்பிய செய்திகள் அவை. அவர் இறந்த பிறகு தினமும் சாயங்காலம் அவற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொன்றும் இரண்டு செருமலோடு தொடங்கும். அப்புறம், "கதவத் தாழ் போட்டியா?"

"அதுல மட்டும் கை வெச்சிடாதடா. காப்பி எடுத்துட்டேல்ல?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

"எடுத்தாச்சுக்கா."

எடுக்கவில்லை. தொடப்போகாத பகுதிக்குக் காப்பி எதற்கு என்ற மெத்தனம். முதல் இரண்டையும் அழித்துவிட்டு மூன்றாவதை இருந்தபடியே இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, அதை அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம். கையோடு கையாக மூன்றிலும் டிக் போட்டுவிட்டான். 'மாற்றங்களை எழுதலாமா?' என்று திரை கேட்டதைக்கூடப் படிக்காமல் சரி என்று தட்டிவிட்டான்.

எல்லாம் முடிந்து கடைசிப் பகுதியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பெருக்கித் துடைத்த அறைபோல அது காலியாக இருந்தது. அப்போதுதான் அந்த முதல் செருமல் கேட்டது.

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் நிரலை ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பாவி, ஒரு மனுஷனை இரண்டாவது தடவை சாகடித்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா இன்று சாயங்காலம் எதைக் கேட்பாள்?

மறுபடியும் செருமல்.

ஸ்பீக்கர் ஒயரை உருவினான். செருமல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்தான். உள்ளே சுற்றிய விசிறி ஓய்ந்தது. பச்சை விளக்கும் அணைந்தது.

செருமல். மிக அருகில்.

கழுத்தில் கை வைத்தான். விரல்களுக்கு அடியில் அதிர்ந்தது. இருந்த இடத்தை இழந்த ஏதோ ஒன்று அவன் தொண்டைக்குள் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தது.

அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "முடிஞ்சுதாடா? மாமா பத்திரமா இருக்காரா?"

சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். அக்கா, நான் அழிச்சிட்டேன், மன்னிச்சிடு. வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. வாயைத் திறந்தான்.

இரண்டு செருமல்.

"கதவத் தாழ் போட்டியா?"

அது அவன் குரல் இல்லை.

அவள் கையிலிருந்த துணி நழுவியது. அணைந்து கிடந்த திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்ட முயன்றான். கழுத்து அசையவில்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில் நெருக்குண்டு, அக்கா, அக்கா என்று கத்தினான். வெளியே வரவில்லை.

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. கண்ணைத் துடைத்தாள். கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

"போட்டுட்டேங்க," என்றாள்.