உப்புத்தாள் போட்டுத் தேய்த்த முனை

மழைக்கு ஒதுங்கியவர் யார், சாமான் வாங்க வந்தவர் யார் என்று தெரியாத அளவுக்கு அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கூட்டம். அத்தனை நெரிசலிலும் ஒருத்தி மட்டும் கல்லாவை விட்டு நகராமல் கடைக்காரரைக் கேள்வி கேட்டே குடைந்துகொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக ஒரு செல்போன் சர்வீஸ் சென்டரின் முன் மேஜையில் டோக்கன் போடுகிறவள். உள்ளே, பழுது பார்க்கும் மேஜையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, மேனேஜர் கண் முன்னால், சொந்தச் சாமானை வைத்து, ஆறு போன் போர்டில் சார்ஜர் சொருகும் இடத்தை மாற்றிக் காட்ட வேண்டும். ஒன்று கருகினாலும் மறுபடி டோக்கன்தான். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க அண்ணன் வைத்திருந்த பழைய சால்டரிங் அயர்னோ, சூடு ஏறினால் நிறுத்தத் தெரியாத ஜென்மம். அதனால்தான், சூட்டைத் தானே கட்டுக்குள் வைக்கும் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்றைத் தேடி வந்திருந்தாள்.

கடைக்காரர் பெட்டிகளை எடுத்து வைத்தார். "எல்லாமே நல்லா போகுதும்மா" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

"இது நாப்பது வாட், இது அறுபது வாட்... ரெண்டும் முன்னூத்தம்பது டிகிரிதான் காட்டுது. அப்புறம் வாட்ல என்னங்க வித்தியாசம்?"

"சில்லுனு ஒரு தட்டை உள்ள வெச்சுப் பாத்தா தெரியும்."

பக்கத்திலிருந்து வந்த குரல். திரும்பினாள். நனைந்த தலை, முழங்கை வரை மடித்த சட்டை... அப்புறம் அந்தக் கண்கள். வேடிக்கை பார்க்க வந்துவிட்டு, பார்த்த இடத்திலேயே நின்றுபோன கண்கள்.

"தட்டா? எந்தத் தட்டு?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். பெரிய உலோகத்தைத் தொட்டதும் சூடு இறங்கிவிடும். வாட் அதிகம் இருந்தால் இறங்கின சூடு சட்டென்று ஏறும், இல்லாவிட்டால் காத்துக் கிடக்க வேண்டும் என்றான். பொறுமை இல்லாமல் டிகிரியைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே வேகாது என்றும் சொன்னான்.

வேகாதாமே... அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொன்னதில் பிழை இல்லையே. அயர்னுக்கு ஊசி முனை நல்லதா, உளி மாதிரித் தட்டை முனையா என்று கேட்டாள். அகலமாகப் படிந்தால்தான் சூடு உள்ளே இறங்கும் என்றான். அதுவும் சரிதான். எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டாள்.

"பதினோரு வருஷமா சூட்டோடதாங்க பொழப்பு."

"முனை கறுத்துப் போனா?"

"உப்புத்தாள் போட்டு நல்லா தேயுங்க. புதுசு மாதிரி ஆயிடும்."

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான் பாவி. மழை விட்டிருந்தது. அறுபது வாட் பெட்டியை அணைத்துக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள். பேர்கூடக் கேட்கவில்லையே என்று தெருமுனையில்தான் உறைத்தது. மனசு ஏனோ அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் பழகினாள். முன்னூற்று முப்பது டிகிரியில் வைத்ததும் ஈயம் வெண்ணெயாய் உருகியது. சாயங்காலம் முனை கறுத்தது. அந்தக் குரலை நினைத்துக்கொண்டே, தனக்குத் தானே சிரித்துக்கொண்டே, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஈயம் முனையில் ஒட்டவே இல்லை. உருண்டு உருண்டு கீழே விழுந்தது.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மேலே இருந்த பூச்சே போய்விட்டது, இனி அது குப்பைக்குத்தான் என்றார். ஈர ஸ்பாஞ்சில் துடைத்து நுனியில் ஈயம் பூசி வைக்க வேண்டும், யார் தேய்க்கச் சொன்னது என்று கேட்டார். நேற்று பக்கத்தில் நின்று பேசியவரை அவள் அடையாளம் சொன்னாள்.

"அவரா? மூணாவது தெருவுல பேக்கரி வெச்சிருக்காரும்மா. அடுப்புக்கு சூடு காட்டற மீட்டர் வாங்க வந்தாரு."

தட்டை முனை கைவசம் இல்லையாம். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் மொத்தக் கடையில் கிடைக்கும், காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். அவளுக்கோ ஏழரைக்கே டோக்கன் மேஜை.

பேக்கரியில் அனல் அடித்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். அவள் கையிலிருந்த மொட்டை முனையைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி வடிந்தது.

"சால்டரிங் அயர்னை ஒரு தடவையாவது தொட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க." அவன் தலை குனிந்தான். "அடுப்புக்கு சரியா வர்றது அதுக்கும் வரும்னு நெனச்சேன். தெரியாதுன்னு சொன்னா நீங்க வேற யார்கிட்டயாவது கேக்கத் திரும்பிடுவீங்க... இன்னும் கொஞ்ச நேரம் நீங்க பேசறதைக் கேக்கணும்போல இருந்துச்சு."

"உங்களுக்கு அது கொஞ்ச நேரம். எனக்கு ரெண்டு வருஷம்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கோபம் பாதி அவன் மேல், பாதி தன் மேல். கண்ணைப் பார்த்து மயங்கி, கையிலிருந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டவள் அவள்தானே?

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். டோக்கன் வரிசையில் அடுத்த ஆள் மேஜை மேல் சின்னப் பொட்டலம் ஒன்றை வைத்தார். உள்ளே இரண்டு தட்டை முனைகள். நிமிர்ந்தாள். மூச்சிரைக்க அவன்.

"கடைக்காரர்கிட்ட எல்லாத்தையும் விசாரிச்சுக்கிட்டு, ஏழு மணியிலேருந்து அந்த மொத்தக் கடை வாசல்ல நின்னேன். எப்படித் துடைக்கணும்னு அவங்ககிட்டயே எழுதி வாங்கியிருக்கேன். நான் சொல்றதைக் கேக்காதீங்க, இதைப் படிங்க."

"இந்நேரம் அடுப்புல ரொட்டி இருக்கணுமே?"

"இன்னிக்கு பத்த வைக்கலைங்க."

பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நுனியில் ஈயம் பூசினாள். இரண்டு போர்டு சுலபமாக முடிந்தது. மூன்றாவதில் ஈயம் அசையவில்லை. டிகிரியைக் கூட்டும் பொத்தானுக்கு விரல் போனது... வெளியே கருகும், உள்ளே வேகாது. விரலை எடுத்துவிட்டாள். முனையைப் பட்டையாகப் படியவைத்து, மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். மெதுவாக, மினுமினுத்து, உருகியது.

ஆறையும் லென்ஸ் வைத்துப் பார்த்த மேனேஜர், நாளையிலிருந்து உள்ளே உட்காரச் சொன்னார்.

சாயங்காலம் பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். காலியான அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் விழுந்தடித்து எழுந்தான்.

"என்னங்க ஆச்சு?"

"ஆறும் தேறிடுச்சு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தெரியவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இது எனக்கு நல்லாத் தெரியும், ஊகம் இல்லை... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அவள் கன்னம் சூடாகியிருந்ததை அடுப்பின் மேல் பழிபோட வழியில்லை, அது அணைந்து கிடந்தது.

"கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"இருக்கட்டும்ங்க."

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள், தரையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "இனிமே தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. அதுக்காக நான் வேற யார்கிட்டயும் திரும்பிட மாட்டேன்."