அம்மாவின் கைநாட்டு

தையற்காரி பேருந்திலிருந்து இறங்கியபோது மணி பதினொன்று. பகல்தான், ஆனால் வெளிச்சம் இல்லை. மழை வருவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது.

அம்மா போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள் அண்ணன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டை என் பேருக்கு மாத்தணும். ஆட்சேபணை இல்லைன்னு நீ ஒரு கையெழுத்து போட்டாப் போதும். அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிடலாம்."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

கதவு திறந்ததும் பினாயில் நெடி மூக்கில் அறைந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. முத்திரைக்குத் தடவும் ஊதா மையின் வாடை. அவளுக்கு அது பழக்கமானது. அம்மா முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். தினமும் அந்த வாடையோடுதான் வீடு திரும்புவாள். ஆனால் அவள் ஓய்வு பெற்றே பதினோரு வருடம் ஆகியிருந்தது. இப்போது எங்கிருந்து?

கூடத்தில் பத்திர எழுத்தர் மேசையோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கோப்பு, ஒரு மைப்பெட்டி. வலது கையைக் கைக்குட்டையால் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உக்காரு. எல்லாம் ரெடி" என்றான் அண்ணன்.

அவள் உட்காரவில்லை. நேராக அம்மாவின் அறைக்குப் போனாள். கட்டிலை ஒட்டிய சுவரில் ஊதாக் கறைகள். யாரோ தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சுண்ணாம்புதான் உரிந்திருந்தது, கறை போகவில்லை. குனிந்து பார்த்தாள்.

விரல் ரேகை.

கட்டைவிரல் ரேகைகள். படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், வரிசை வரிசையாக.

"அது சுவர் ஊறல்" என்று பின்னாலிருந்து அண்ணன் சொன்னான். கேட்காத கேள்விக்குப் பதில்.

கூடத்துக்குத் திரும்பி, கோப்பிலிருந்த அம்மாவின் உயிலை எடுத்துப் படித்தாள். வீடு முழுவதும் மகனுக்கு. மகளைப் பற்றி ஒரு வரி: 'அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று.' பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கைநாட்டு.

அவளுக்குக் காது இரண்டும் சூடேறிப்போயிற்று.

"நம்ம அம்மாவா கைநாட்டு வச்சா?"

"கை நடுங்குச்சு. பேனா பிடிக்க முடியல. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"கவுன்டருக்கு வந்த கிழவிங்களை எல்லாம் உக்கார வச்சுப் பேரெழுதக் கத்துக்குடுத்தவ அண்ணா அவ. கைநாட்டு வச்சா உன் பேரு உனக்கே சொந்தமில்லைன்னு திட்டுவா. அவளா வச்சா? கோணலாவாவது கிறுக்கியிருப்பா!"

"பெரிய பாசக்காரி! கடைசி எட்டு மாசத்துல ஒரு தடவை எட்டிப் பாத்தியா? எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு போன்ல கேட்டுக் கேட்டே போய்ச் சேந்தா."

அது சுருக்கென்று தைத்தது. பொய்யில்லை. அண்ணன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அம்மாவையும் பார்க்காமல் இருந்துவிட்டவள் அவள். ஆனால் வலி அவள் வாயை அடைக்கவில்லை. கோபத்துக்கு எண்ணெய்தான் வார்த்தது.

"நீங்க சொல்லுங்கய்யா." பத்திர எழுத்தர் பக்கம் திரும்பினாள். "சாட்சின்னு உங்க கையெழுத்துதானே இருக்கு. எங்கம்மா வைக்கும்போது பக்கத்துல இருந்தீங்களா?"

அவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

அப்போதுதான் அம்மாவின் அறையிலிருந்து அது கேட்டது.

டொப்.

ஈரமான எதையோ சுவரில் அழுத்தி எடுக்கும் ஓசை.

டொப். டொப்.

அறையில் யாரும் இல்லை. அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள்.

கதவு நிலையில் ஒரு ரேகை தெரிந்தது. ஊதா, ஈரம், மினுமினுப்பு. அதற்கு ஒரு சாண் இப்பால் இன்னொன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறவரைப்போல, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கூடத்துக்குள் வந்தது.

மேசை விளிம்பில் ஒன்று விழுந்தது.

"சார், நான் அன்னிக்கே சொன்னேன்..." பத்திர எழுத்தர் முனகினார். கைக்குட்டை நழுவியது. மணிக்கட்டைச் சுற்றி ஊதா ரேகைகள் அப்பிக் கிடந்தன. தையற்காரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் சொல்லிடறேன். அன்னிக்கு மதியம்தான் என்னைக் கூப்பிட்டாரு. உங்கம்மா காலையிலயே போயிட்டாங்கம்மா. கை சில்லுனு இருந்துச்சு. விரல் மடங்கி இறுகிடுச்சு. இவர்தான் ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

தையற்காரி அண்ணனைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. இத்தனை கோபத்தை ஒரு உடம்பு தாங்குமா என்றுதான் தோன்றியது.

"மூடு வாயை!" என்று எழுத்தர்மேல் பாய்ந்த அண்ணன், சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசைக்கு இழுத்தான். "நீ போடற கையெழுத்தைப் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"விடுறா!"

விட்டான்.

அவனாக விடவில்லை. அவன் சுண்டுவிரல் தானே நிமிர்ந்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை, பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"ஐயோ... சில்லுனு இருக்கு" என்றான்.

கட்டைவிரல் மைப்பெட்டியில் அழுந்தியது. ஆட்சேபணை இல்லை என்ற தாளின்மேல் அழுந்தியது. மறுபடி மை. மறுபடி தாள். அவன் முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தான். கை மட்டும் மேசையை விட்டு வரவில்லை. டொப். டொப். டொப். தாள் கருத்துக் கிழிந்தது. அதன்பின் மரத்தில்.

"அம்மாகிட்டப் போதும்னு சொல்லு! நீ சொன்னாக் கேப்பா!"

"நான் ஏன் சொல்லணும்?" என்றாள் தங்கை. அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. "நீ என்ன பண்ணேன்னு நீயே அவகிட்டச் சொல்லு."

"செத்ததுக்கு அப்புறம்தான் வச்சேன்! நான்தான் வச்சேன்!"

ஓசை நின்றது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை அவன் முன் போட்டாள். "எழுது. உன் கையால, முழுப் பேரோட."

எழுதினான். பத்திர எழுத்தரும் எழுதினார்.

அதன்பிறகு நடந்தவை சட்டப்படி நடந்தன. உயில் செல்லாமல் போயிற்று. பத்திர எழுத்தரின் உரிமம் பறிக்கப்பட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு நான்கு மாத அலைச்சல். வீடு இருவர் பேருக்கும் மாறியது. பதிவு அலுவலகத்தில் அண்ணனின் வலது கட்டைவிரலை ரேகை பார்க்கும் கருவி ஏற்கவே இல்லை. தோல் வழுவழுவென்று, உரித்த வெங்காயம்போல் இருந்தது. அலுவலர் வேறு வழியில்லாமல் இடது கையை வைக்கச் சொன்னார். அவன் தன் பங்கை அன்றே தங்கைக்கு எழுதிக் கொடுத்தான். அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னான்.

பதிவான பத்திரத்தோடு அவள் அன்று மாலையே வீட்டுக்குப் போனாள். சுவர்கள் சுத்தமாக இருந்தன. ஊதாக் கறை ஒன்றுகூட இல்லை, மை வாடை இல்லை. அம்மாவின் கட்டிலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். "உன் கோபம் ஜெயிச்சிருச்சும்மா" என்றாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இனி இங்கேயே வந்துவிடலாம், கூடத்தில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபடி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பூட்டை எடுக்கக் கைப்பையைத் துழாவினாள்.

உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கதவில் உள்ளங்கையை வைத்து மெல்லச் சொன்னாள்: "அம்மா, நான்தாம்மா. எப்ப வர்றேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே, நான் வந்துட்டேன்."

மறுபக்கம் யாரோ மேலே எட்டுவதற்காக எக்கி மூச்சிழுப்பது கேட்டது.

மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.