எங்கிருந்தாலும் வரவும்

கிரேன் ரிமோட்டை இடுப்பில் செருகிவிட்டு அழகுமலை பீடி பற்றவைத்தபோதுதான், பாதிக் கிணற்றில் தொங்கிய இரும்பு வாளி தானாக ஒரு முழம் இறங்கியது. பொத்தானில் கை இல்லை. கம்பி வடம் கிரீச்சிட்டு நிற்க, கீழேயிருந்து சேற்றின் புளித்த வாடை ஏறி வந்தது.

காலையிலிருந்தே இந்தச் சனியன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கெங்குவார்பட்டிக்கு வெளியே கிணறு தூர்வாரும் வேலை. ஊரில் திருவிழா. தென்னந்தோப்புக்கு அந்தப்பக்கம் கோயில் மைக்கில் யாராவது "ஹலோ" சொன்னால் போதும், கிரேன் விக்கி விக்கி நின்றது. பேட்டரி மாற்றினான். ஏரியலைத் துடைத்தான். ரிமோட் விற்ற கடைக்குப் போன் போட்டால் கடைக்காரன் பாடம் நடத்தினான்.

"கார்டுலெஸ் மைக்கோட அலை உள்ள பூருதுண்ணே. அது நிக்கிறதுதான் சேஃப்டி. விழா முடியிற வரைக்கும் வேலைய நிப்பாட்டி வைங்க."

நிப்பாட்டி வைப்பதாம். கீழே கல் அள்ளுவது தங்கச்சி மாப்பிள்ளை தங்கப்பாண்டி. காப்புக் கட்டியவன், பொழுது சாய்வதற்குள் முடித்தால்தான் தீச்சட்டி எடுக்கப் போக முடியும். பதினோராவது தடவை நின்றதும் அழகுமலைக்குப் பொறுமை செத்தது. அலை குழம்பினால் கிரேனை நிறுத்துகிற ரிலேயின் ஒயரை உருவி டைரக்ட் போட்டுவிட்டான். அதன்பிறகு கிரேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இப்போது இறங்குகிறது.

"மச்சான், என்ன வெளையாட்டு காட்டுறீக? கல்லு ரொப்புன வாளி. மேல தூக்குங்க."

"ஓரமா ஒதுங்கு மாப்ள. மெஷினு சரியில்ல."

"எங்கிட்டு ஒதுங்க? முழங்கால் வரைக்கும் பொதைஞ்சு நிக்கேன்."

தோப்புக்குள் வெளிச்சம் மங்கியது. குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

"காப்புக் கட்டிய தங்கப்பாண்டி எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயிலுக்கு வரவும்."

வாளி இறங்கியது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. ஏற்றும் பொத்தான். ஏறவில்லை. அழுத்திக்கொண்டே ஓடினான். மோட்டார் கொட்டகை. ஃபியூஸ் பெட்டி.

"தங்கப்பாண்டி எங்கிருந்தாலும்..."

"மச்சான்."

மூன்று கட்டைகளையும் பிடுங்கினான். வடம் சுற்றும் டிரம் நின்றது. ஆனால் வாளி அடிக்கே போய், வடம் ஏற்கெனவே தொய்ந்துவிட்டது.

"மாப்ள."

கட்டைகளோடு கிணற்றோரம் ஓடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

படுபாவி, கடைக்காரன் சொன்னானே. நின்றால் நிற்கட்டும் என்று விட்டிருக்கலாமே. தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பான்?

"தங்கப்பாண்டி எங்கிருந்தாலும் வரவும்."

ஃபியூஸ் கட்டைகள் மூன்றும் அவன் கையில்தான் இருந்தன. வடம் விறைத்தது. டிரம் சுற்றியது. மேல்நோக்கி. மெதுவாக.

வாளி வந்தது. கல் இல்லை. விளிம்பைப் பிடித்தபடி ஒரு கை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தலை, கழுத்து ஒடிந்து மார்பில் கிடந்தது.

"ஹலோ," என்றது மைக்.

விரல்கள் விளிம்பை விட்டு, கோயில் பக்கமாக நீண்டன.